ஊசியும் நாலு மீட்டரும்

குடிநீர் அலுவலகத்தின் வரைபட அறையில் ஊசி என்றால் அவள்தான். ஆள் ஒல்லி, மூக்கு கூர், பேச்சு அதைவிடக் கூர். பத்தொன்பது வயதில் மெழுகுத் துணியில் மையால் குழாய்க்கோடு இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது நாற்பத்தொன்று. மைப்பேனா போய்க் கணினி வந்தது. அறையில் இருந்த மற்ற ஐந்து பேரும் ஓய்வு பெற்றோ மாற்றல் வாங்கிக்கொண்டோ போனார்கள். அவள் மட்டும் அதே ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். நாற்காலியின் ஒரு கால் குட்டை. அதன் அடியில் பழைய வரைபடம் ஒன்றை எட்டாக மடித்து வைத்திருந்தாள். வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்.

அந்த அறையில் அவளோடு இருந்தவள் அவளுடைய அண்ணி, கூடப்பிறந்த அண்ணன் மனைவி. பழைய பதிவேடுகளில் இருக்கும் அளவுகளைக் கணினியில் ஏற்றுவது அண்ணியின் வேலை. அந்த அளவுகளை வரைபடமாக்கி, எங்கே தோண்ட வேண்டும் என்று இடச்சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவது ஊசியின் வேலை. மேசைக்கும் மேசைக்கும் இடையே பத்தடி தூரம். இருவரும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை.

ஊசிக்கு ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தபோது அண்ணி சிரித்துக்கொண்டே, "வேலையில கெட்டிக்காரி, வீட்டுலதான் கொஞ்சம் கஷ்டம்" என்று சொல்லியிருக்கிறாள். விளையாட்டாகச் சொன்னாளோ வினையாகச் சொன்னாளோ, அவர்கள் மறுபடி வரவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணனும் அண்ணியும் கீழே, ஊசி மாடியில். காலையில் அண்ணி எட்டேகால் பஸ்ஸுக்குப் போவாள். அந்த பஸ் முக்கு திரும்பியதைப் பார்த்துவிட்டுத்தான் ஊசி படியிறங்குவாள். எட்டரை பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றபடி வருவாள். அதுவே அவளுக்குப் பெருமை.

அலுவலகத்தில் பேசாமல் எப்படி வேலை நடந்தது? இருவர் மேசைக்கும் நடுவில் வயதான குமாஸ்தா ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரைத் தந்தி என்று கூப்பிட்டார்கள். ஊசி சுவரைப் பார்த்து, "மூணாம் பதிவேட்டுல பக்கம் காணோம்" என்பாள். தந்தி திரும்பி, "மூணாம் பதிவேட்டுல பக்கம் காணோமாம்மா" என்பார். அண்ணி கூரையைப் பார்த்து, "கண் இருந்தா தெரியும்" என்பாள். தந்தி அதில் பாதியை விழுங்கிவிட்டு, "தேடித் தர்றாங்களாம்" என்பார். ஆறு வருஷம் அந்த அலுவலகத்தில் தண்ணீர் ஓடியது குழாயால் மட்டுமல்ல, தந்தியாலும்தான்.

அந்தத் தந்திக்குக் கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சை என்று இரண்டு வாரம் விடுப்பில் போனார். போகும்போது, "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கடிச்சுக்காம இருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் போன மறுநாள் நில அளவைத் துறையிலிருந்து ஒரு கோப்பு வந்தது. கிரிட் கோப்பு.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன், பிறகு கதை சுலபம். பழைய காலத்து அளவைக்காரர்கள் ஊருக்கு வடக்கே குன்றின்மேல் ஒரு கல்லை நட்டு, அதிலிருந்து ஊரையெல்லாம் அளந்தார்கள். பதிவேடுகளில் இருப்பது அந்த அளவு. இப்போது செயற்கைக்கோள் அளக்கிறது. அதற்கு அந்தக் குன்றும் தெரியாது, கல்லும் தெரியாது. அதனால் ஒரே வால்வுக்கு இரண்டு விலாசம் ஆகிவிட்டது, பழையது ஒன்று, புதியது ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊர் முழுக்க ஒரே மாதிரி இல்லை. மேற்கே மூன்று மீட்டர், சந்தைத் தெருப் பக்கம் நாலு, ஆற்றோரம் ஐந்து. எனவே ஊரின்மேல் ஒரு வலையை விரித்து, ஒவ்வொரு முடிச்சிலும் 'இங்கே இவ்வளவு தள்ளு' என்று எழுதி வைத்ததுதான் கிரிட் கோப்பு. அதை மென்பொருளுக்குள் சரியான இடத்தில் வைத்தால், பழைய விலாசத்தை அதுவே புதிய விலாசமாக மாற்றிக்கொள்ளும்.

கூட வந்த கடிதத்தில் ஒரே ஒரு வரி: 'அனைவரும் தத்தம் கணினியில் அமைத்துக்கொள்ளவும்.'

அனைவரும் என்றால் அந்த அறையில் இரண்டு பேர்தான்.

ஊசி அன்று முழுக்க அதிலேயே உட்கார்ந்தாள். அந்த மென்பொருளிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கோப்பு கிடைக்காவிட்டால் வாயைத் திறந்து சொல்லாது. எல்லாம் சரியாக இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டு, தள்ளாமலே வரைந்துவிடும். 'இதுவும் அதுவும் ஒரே ரகம்' என்று அண்ணியின் முதுகைப் பார்த்து நினைத்துக்கொண்டாள். கோப்பை உரிய உறைக்குள் வைத்தாள், அமைப்பில் அதன் பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்டினாள், மென்பொருளை மூடித் திறந்தாள். பிறகு சோதனை. தண்ணீர்த் தொட்டியின் வாசலில் இருக்கும் அளவைக்கல்லுக்குப் பழைய அளவும் தெரியும், புதிய அளவும் தெரியும். பழையதைக் கொடுத்தாள். புதியது வந்தது, நாலு விரற்கடை வித்தியாசத்தில். ஊசி அன்று வீட்டுக்குப் போகும்போது உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரம் சந்தைத் தெருவில் மண்ணுக்கடியில் வால்வு ஒன்று கெட்டுப்போனது. வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதன்மேல் மூன்று முறை தார் போட்டாகிவிட்டது. தெரு முழுக்கத் தண்ணீரை நிறுத்தினார்கள். ஊசி வால்வின் எண்ணைத் தேடி, இடச்சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மதியம், குழி தோண்டப் போன மேஸ்திரி பூட்ஸ் மண்ணோடு வரைபட அறைக்குள் வந்து நின்றார்.

"எங்கம்மா வால்வு?"

"சீட்டுல இருக்கு."

"சீட்டுல இருக்கு, மண்ணுல இல்லையே! குடைக்கம்ப ஊன்றி, சீட்டு சொன்ன இடத்துலயே ஆறடி தோண்டிட்டேன். செருப்புக் கடை வாசல்ல. ஒரு புழு வந்துச்சு. அதுதான் வால்வா?"

குடைக்கம்பு என்பது செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் கருவி. தலையில் குடை மாதிரி ஒன்று இருக்கும்.

"கம்ப நேரா பிடிச்சீங்களா?"

"இருபது வருஷமா பிடிக்கிறேன். நீங்க பேனாவ நேரா பிடிங்க."

சத்தம் கேட்டு அதிகாரி வந்துவிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மெதுவாகப் பேசித்தான் மாற்றல் கொடுப்பார்.

"கையெழுத்து யாரோடது?"

"என்னோடது சார்."

"நாளைக்கு ஒரு குழிதான். அதுவும் பொய்ன்னா இந்த நாற்காலி உங்களுக்கு வேண்டாம்மா. நீரேற்று நிலையத்துல மணிக்கொருதரம் மீட்டர் பாத்து எழுத ஆள் கேக்கறாங்க."

நீரேற்று நிலையம் ஊருக்கு வெளியே இருந்தது. நாள் பூராவும் மோட்டார் இரைச்சல். பேச ஆள் இல்லை, திட்டக்கூட ஆள் இல்லை. ஊசிக்கு வீடு என்று இருந்தது பாதி மாடி. உறவு என்று இருந்தது வாய் திறக்காத அண்ணன். அந்த நாற்காலி ஒன்றுதான் முழுசாக அவளுடையது. அதுவும் போனால்?

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகு நேராக, விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. 'கேட்டுக் குளிர்ந்திருக்கும்' என்று ஊசி பல்லைக் கடித்தாள்.

மேஸ்திரியும் அதிகாரியும் போனபின் மறுபடி சோதித்தாள். தொட்டி வாசல் கல் சரியாக வந்தது. கோப்பு இருக்கிறது, அமைப்பு சரி. பிறகு பழைய பதிவேட்டை இறக்கி, அந்த வால்வின் அளவை விரல் வைத்துப் படித்தாள். கணினியில் அண்ணி ஏற்றியிருந்ததைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இல்லை. கிழக்கே நாலு மீட்டர் கூடுதல்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. 'அனைவரும் தத்தம் கணினியில்.' அண்ணியும் கிரிட் கோப்பைப் போட்டிருக்கிறாள். அளவுகளைத் தள்ளியே ஏற்றியிருக்கிறாள். ஆனால் அந்த அளவுப் பட்டியலின் தலைப்பில் 'பழைய அளவை' என்ற குறிப்பை மாற்றவில்லை. அந்தக் குறிப்பை நம்பி ஊசியின் மென்பொருள் இன்னொரு தரம் தள்ளிவிட்டது. ஒரு தரம் தள்ளினால் வால்வு. இரண்டு தரம் தள்ளினால் செருப்புக் கடை.

பத்தடி நடந்து ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. ஊசி எழுந்தாள். அண்ணியின் மேசை வரை போனாள். மேசைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பானையில் ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் தொண்டையில் இறங்கியது, வார்த்தை ஏறவில்லை.

சாயந்திரம் அண்ணன் வாசலில் தன் ஸ்கூட்டரின் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். ஊசி படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, உள்ள ஒண்ணு கேக்கணும்."

"யாரை?"

"யாரைன்னு உனக்குத் தெரியாதா?"

அவன் எண்ணெய்க் கையைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். "இந்த வீட்டுல நான் இருதலைக் கொள்ளி எறும்பு. ஆபீஸ்லயும் என்னை எறும்பாக்காதே. வேணும்னா நீயே கேளு. கதவு திறந்துதான் இருக்கு."

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் வேண்டுமென்றே பெரிதாகக் கேட்டது. 'போயும் போயும் இவகிட்டயா' என்று ஊசி மாடிக்கு ஏறிவிட்டாள். கேட்காமலே சரிசெய்ய வழி இருக்கும்போது எதற்குக் கேட்பது?

காலையில் வந்ததும் தன் கணினியில் கிரிட் கோப்பை நீக்கினாள். அண்ணி ஒரு தரம் தள்ளிவிட்டாள் அல்லவா, அது போதும். மேஸ்திரி வாசலிலேயே நின்று, "சீக்கிரம்மா, தெருவே குடத்தோட நிக்குது" என்று கத்திக்கொண்டிருந்தார். எதையும் மூன்று தரம் பார்க்கிற ஊசி அன்று ஒரு தரம் பார்த்தாள். சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

பதினொன்றரைக்கு அதிகாரி இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சந்தைத் தெருவுக்குப் போனார். ஜீப்பில் ஊசி இடது ஜன்னலையும் அண்ணி வலது ஜன்னலையும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

தெருவின் கிழக்கு ஓரத்தில் செருப்புக் கடை வாசலில் நேற்றைய குழி. மேற்கு ஓரத்தில் தையற்கடை வாசலில் இன்றைய குழி. இரண்டிலும் ஒன்றுமில்லை. குழிகளைச் சுற்றிப் பெண்கள் காலிக் குடத்தோடு நின்றார்கள்.

"இது குழாய் தேடுறதா, எலி பிடிக்கிறதா?" என்றாள் ஒருத்தி.

தையற்காரர், "என் கடைக்கு வர்ற ஆளுங்க உள்ள விழுந்தா அளவெடுத்துத் தச்சுத் தரவா?" என்றார்.

அதிகாரி ஊசியைப் பார்த்தார். "நேத்து கிழக்கே, இன்னைக்கு மேற்கே. நாளைக்கு வடக்கேயா?"

ஊசி இரண்டாவது குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது நடக்கக் கூடாதது. அண்ணி தள்ளிய அளவு அப்படியே வந்திருந்தால் வால்வு இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அண்ணி அதை... முகத்தில் ரத்தம் ஜிவ்வென்று ஏறியது. ஆறு வருஷத்துப் பூட்டு அந்த நடுத்தெருவில், அத்தனை குடங்களுக்கு முன்னால் தெறித்தது.

"அளவ மாத்தினீங்களா?"

அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள், தந்தியைத் தேடுகிற மாதிரி. தந்தி கண்கட்டோடு வீட்டில் படுத்திருந்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்! நேத்து இருந்த அளவ மாத்தினீங்களா?"

"மாத்தினேன்! நேத்து நாலரை மணிக்கு மாத்தினேன். நீயும் கோப்ப போட்டிருப்பேன்னு அந்த ஆளு கத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டு பேர் தள்ளினா எங்க போய் நிக்கும்? அதான் என்னோடத எடுத்துட்டு, பதிவேட்டுல இருந்த மாதிரியே வச்சேன்."

"நானும் என்னோடத எடுத்துட்டேன்!"

"அத என்கிட்ட சொன்னியா?"

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா? தலைப்புல பழைய அளவைன்னே விட்டு வச்சிருந்தீங்களே, அத மாத்தக் கை வலிச்சுதா?"

"மாத்தினா உனக்குச் சொல்லணும். உன்கிட்ட யாரு பேசறது? பதிவேட்டுல ஒண்ணு, கணினியில ஒண்ணுன்னு பாத்தல்ல? ஊசிக்கண்ணு ஊசிக்கண்ணுன்னு ஊரே சொல்லுதே, பாத்துட்டு வாய மூடிட்டு இருந்தியே!"

"ஏன், வாய் நீளம்னு ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கதானே? அடக்கிக் காட்டினேன்!"

"நான் வாய்னு சொல்லல. கஷ்டம்னுதான் சொன்னேன். இப்ப இந்தத் தெரு பூரா பாக்குது, பொய்யா மெய்யான்னு!"

குடத்தோடு நின்ற பெண்கள் தண்ணீரை மறந்துவிட்டார்கள். ஒருத்தி குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தே விட்டாள். அதிகாரி இரண்டு முறை, "ஏம்மா, ஏம்மா" என்றார். யாரும் கேட்கவில்லை.

மேஸ்திரி மட்டும் சண்டையைக் காதில் வாங்கிக்கொண்டே வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நேற்று ரெண்டு தரம் தள்ளியிருக்கிறார்கள். இன்று ஒரு தரம்கூடத் தள்ளவில்லை. அளவு நாடாவை எடுத்தார். கிழக்குக் குழியின் நடுவிலிருந்து மேற்குக் குழியின் நடுவு வரை இழுத்தார். எட்டு மீட்டர். நாடாவில் நாலாவது மீட்டரில் காலை வைத்தார். நடுத்தெரு. அண்ணியும் நாத்தனாரும் சரியாக அந்த இடத்தில்தான் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நின்னு சண்ட போடுங்கம்மா" என்றார். "வால்வு மேல நிக்கறீங்க."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் விலகினார்கள். தாரை உடைத்தார்கள். நாலடி இறங்குவதற்குள் கடப்பாரை 'டங்' என்றது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே கை தட்டியது. செருப்புக் கடைக்காரர் விசிலடித்தார்.

அதிகாரி கை தட்டவில்லை. "சரி. தப்பு யாரோடது?"

மேஸ்திரி நெற்றியைத் துடைத்தார். "சார், நேத்து ரெண்டு பேரும் சரியா செஞ்சாங்க. இன்னைக்கு ரெண்டு பேரும் சரிப்படுத்தினாங்க. அதான் சார் இந்தக் கதி."

"எனக்கு எழுத்துல ஒரு பேர் வேணும்" என்ற அதிகாரி ஊசி பக்கம் திரும்பினார். "தலைப்புக் குறிப்ப மாத்தாதது அவங்க. அப்படித்தானே சொன்னீங்க? அளவ மாத்தினதையும் உங்ககிட்ட சொல்லல. அப்படி எழுதிக் குடுங்க. நீங்க உங்க நாற்காலியில இருக்கலாம்."

இதைவிட என்ன வேண்டும்? ஒரு கையெழுத்து. அண்ணி மோட்டார் இரைச்சலுக்குப் போவாள். காலையில் எட்டேகால் பஸ்ஸில் ஊசியே போகலாம், உட்கார்ந்துகொண்டே. அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் தலை குனியவில்லை. கெஞ்சுகிற ஜென்மம் இல்லை அது.

ஊசி இரண்டு குழிகளையும் பார்த்தாள். கிழக்கே நாலு, மேற்கே நாலு. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

"அவங்க சொல்லல சார்" என்றாள். "நான் கேக்கல. அளவு மாறியிருந்தத நேத்தே பாத்தேன். பத்தடி நடந்து கேட்டிருக்கலாம், கேக்கல. பேர் எழுதணும்னா ரெண்டு பேரையும் எழுதுங்க."

அதிகாரிக்கு இது சங்கடம். இரண்டு பேரையும் நீரேற்று நிலையத்துக்கு அனுப்பினால் வரைபட அறையில் பல்லிதான் இருக்கும். மூக்கைத் தடவிக்கொண்டார். "இனிமே அளவு தள்ளினா வாயால சொல்லணும். நேருக்கு நேர். தந்தி கிந்தி எல்லாம் கிடையாது. ஒரு நாள் சொல்லலைன்னு தெரிஞ்சாலும் ரெண்டு பேருக்கும் மாற்றல்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவர்களை ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டார்.

அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதாயிற்று. ஊசி முன்னே, அண்ணி நாலு மீட்டர் பின்னே. பாதித் தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்."

ஊசி திரும்பவில்லை. "உங்களுக்காகச் சொல்லல. அளவு அப்படி. கூட்டிச் சொன்னாலும் தப்பு, குறைச்சுச் சொன்னாலும் தப்பு."

"வரன் விஷயத்துல நான் வேணும்னு சொல்லல."

"அத இப்ப யாரு கேட்டா?"



தந்தி கண் சரியாகித் திரும்பி வந்தபோது அவருக்கு வேலையில்லை. காலையில் ஊசி கணினியைத் திறப்பாள். அண்ணியின் முதுகைப் பார்த்து, கல்லை எறிகிற மாதிரி கேட்பாள்.

"தள்ளியாச்சா?"

"தள்ளியாச்சு."

"தலைப்பு?"

"மாத்தியாச்சு. கண் இருந்தா தெரியும்."

அவ்வளவுதான். அதன்பிறகு மாலை வரை ஒரு வார்த்தை கிடையாது. மறுநாளும் அண்ணி எட்டேகால் பஸ், ஊசி எட்டரை. ஆனால் அண்ணி சொன்ன பிறகும் ஊசி பதிவேட்டை இறக்கி, விரல் வைத்து ஒரு தரம் பார்த்துக்கொள்வாள். அண்ணியும் ஓரக்கண்ணால் அவள் பார்க்கிறாளா என்று பார்த்துக்கொள்வாள். ஒரு நாள் பார்க்காவிட்டால், "என்ன, இன்னைக்குப் பதிவேடு கனமா இருக்கோ?" என்று கூரையைப் பார்த்துக் கேட்பாள்.